முழுதாக வாசிக்காத பெயர்

நீ அனுப்பிய அழைப்பிதழ் மாதிரியைப் பார்த்தேன். ஓரத்து மஞ்சள் நன்றாக இருக்கிறது. அப்பாவின் பெயருக்குக் கீழே அவருடைய உத்தியோகத்தைப் போட்டிருக்கிறாய், அதுவும் சரி. என் பெயருக்குக் கீழே 'செவிலியர் (ஓய்வு)' என்று இருக்கிறது. எனக்கு இன்னும் நாற்பத்தைந்து முடியவில்லை, அதனால் ஓய்வு தவறு. நான் என் வாழ்நாளில் யாருக்கும் ஒரு ஊசி போட்டதில்லை, அதனால் செவிலியரும் தவறு. போன வாரம் போனில் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கல்யாணம் முடியற வரைக்கும்தாம்மா. அப்பறம் நீ இன்னா வேணா சொல்லிக்க. இப்ப மட்டும் வாயத் தொறக்காத, ப்ளீஸ்." என் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாய். சம்மதம் இல்லை. என் பதில் முடியாது என்பதுதான். ஏன் முடியாது என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். என் சுபாவமும் அதுதான், உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் என்ன சமையல் என்று கேட்காதவள், தன் வீட்டுச் சமையலையும் சொல்லாதவள். ஆனால் அன்று நான் செய்த தவறு ஆயிரம் காதுகளில் விழுந்தது. திருத்தத்தை மட்டும் மகனுக்குத் தனியாக அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது நியாயமாகப் படவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். இதில் யாருடைய பெயர் வருகிறதோ அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன்.

முதலில் இந்த நர்ஸ் எங்கிருந்து வந்தாள் என்பதைப் பார்ப்போம். உனக்கு மறந்திருக்கலாம். உனக்கு எட்டு வயதாகும்போது நான் வளைகுடாவில் ஒரு தமிழ் வானொலியில் வேலை கிடைத்துப் போனேன். இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்தபோது உன் பள்ளி டைரியைப் புரட்டினேன். 'தாயின் தொழில்' என்ற இடத்தில் உன் கோணல் எழுத்தில் 'நர்ஸ், வெளிநாடு' என்று எழுதியிருந்தாய். ஏன்டா என்று கேட்டதற்கு, "ரேடியோன்னு சொன்னா பசங்க சிரிக்கிறானுங்கம்மா. பாட்டு போடுற பொம்பளயாடா உங்கம்மான்னு கேக்கறானுங்க" என்றாய். நான் டைரியை மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன். அன்றே அந்த வரியை அடித்து எழுதியிருக்க வேண்டும். நர்ஸ் என்றால் தெருவில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், சொந்தக்காரர்களும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள் என்று தோன்றியது. அந்தப் பொய் எனக்கும் வசதியாக இருந்தது. இன்று அவள் உன் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அவளுக்கு முதலில் பாய் விரித்தவள் நான்தான்.

ஆனால் போனதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அதற்காக என்னை வைதவர்கள் நிறையப் பேர். ஒருநாள் பால் வாங்கும் இடத்தில் ஒரு அம்மாள் அப்பாவையே நிறுத்திக் கேட்டாளாம்: "நீங்கதான் சம்பாதிக்கறீங்களே, பெத்த புள்ளய வுட்டுட்டுப் போயி அவுங்க மைக் புடிச்சே ஆவணுமா?" அப்பா அதற்கு, "அவ மைக் புடிக்கறா, நான் கரண்டி புடிக்கறேன். நடுவுல உங்களுக்கு இன்னாம்மா கஷ்டம்?" என்றாராம். அவர் அதிகம் பேசாதவர், பேசினால் இப்படித்தான். மன்னிப்புக் கேட்க வேண்டியது வேறு ஒன்றுக்கு. உனக்கு டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். அந்த ஐந்து நாளும் நான் ஒரு துறைமுகத்தில் நின்று ஊரார் பிள்ளைகள் பிழைத்துவிட்ட செய்தியை வாசித்துக்கொண்டிருந்தேன். உன் செய்தியை எனக்கு யாரும் வாசிக்கவில்லை. நான் பதறிவிடுவேன் என்று அப்பா மறைத்துவிட்டார். திரும்பி வந்தபோது நீ மெலிந்து போய், என்னைப் பார்த்து "வாங்க" என்றாய். அதுவரை 'வாம்மா' என்றுதான் சொல்வாய். அந்த மரியாதையை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தத் துறைமுகத்தைப் பற்றி உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. எங்கள் வானொலியில் தினமும் மாலை ஒரு மணி நேரம் தமிழ். அதில் முக்கால்வாசி சினிமாப் பாட்டும் பிறந்தநாள் வாழ்த்தும், ஐந்து நிமிடம் செய்தி. செய்தியை ஆண்கள்தான் வாசிப்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு துறைமுக நகரத்தில் போர் வெடித்தது. அங்கே நம் ஆட்கள் கட்டட வேலையிலும் கப்பல் பட்டறையிலும் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களை ஏற்றி வர மீட்புக் கப்பல் கிளம்பியது. வானொலி சார்பில் ஒருவர் கூடப் போகலாம் என்று அனுமதி கிடைத்தது. செய்தி வாசித்த இருவரும் தங்களுக்குக் குடும்பம் இருக்கிறது என்றார்கள். எனக்கும் குடும்பம் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நிலையத் தலைவர் மட்டும் தயங்கினார். "போர்ச் செய்திய பொம்பளக் குரல்ல கேட்டா ஜனங்களுக்குப் பயம்தாம்மா வரும், நம்பிக்கை வராது" என்றார். "பயப்படற மாதிரி எதையும் நான் வாசிக்கப் போறதில்ல சார்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டேன்.

சொன்னபடியே செய்தேன். நான் படித்திருந்த போர்ப் புத்தகங்களில் எல்லாம் எந்தப் படை எந்த மலையைப் பிடித்தது என்பது பக்கம் பக்கமாக இருக்கும், செத்தவன் பெயர் இருக்காது, பிழைத்தவன் பெயர் சுத்தமாக இருக்காது. எங்கள் நேயர்களுக்கு மலை வேண்டாம். தன் வீட்டுப் பிள்ளை இருக்கிறானா என்று ஒரு வார்த்தை வேண்டும். அதனால் நான் குண்டு விழுந்த கதையை விட்டுவிட்டுப் பெயர்களை வாசித்தேன். கப்பலேற வரிசையில் நிற்கிறவர்களிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போவேன். பேர் என்ன, யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர். சாயங்காலம் சாட்டிலைட் போனில் நிலையத்தைப் பிடித்து அதை வாசிப்பேன். "அக்கா, என் பொண்டாட்டி கேப்பா, என் பேர மட்டும் கொஞ்சம் ஸ்டைலா சொல்லு" என்று ஒருவன் கெஞ்சினான். அவன் பின்னால் நின்றவன், "ஆமாக்கா, கூடவே இவன் அங்க சமைச்ச லட்சணத்தையும் சொல்லு, அவளுக்குத் தெரியட்டும்" என்றான். தூரத்தில் புகை எழுந்துகொண்டிருக்கும்போது அந்த வரிசை சிரித்தது.

நம் ஊரில் அந்த வானொலி எடுக்காது. அங்கே வளைகுடாவில் தொழிலாளர் கேம்பில் இருக்கிற ஒருவன் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் செல்போனைப் பிடித்துக்கொள்வான், இங்கே வீட்டில் கேட்பார்கள். பரங்கிப்பேட்டையில் ஒரு வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டு ஒரு காலி எவர்சில்வர் குடத்துக்குள் வைப்பார்களாம், சத்தம் பெருகுவதற்காக. தெருவே அந்தக் குடத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். தமிழில் போர்முனையிலிருந்து வானொலியில் பேசிய முதல் பெண் என்று பிற்பாடு என்னைப் பற்றி யாரோ எழுதினார்கள். அது உண்மையா என்று நான் போய்ச் சரிபார்க்கவில்லை. அந்தக் குடம் உண்மை. அது எனக்குப் போதும்.

இனி அந்த நாள். கப்பல் எதிர்பார்த்ததற்கு முன்பே ஆட்களை ஏற்றிவிட்டது. நான் போய்ச் சேரும்போது ஏணியைத் தூக்கிவிட்டார்கள். வரிசையும் இல்லை, யாரிடமும் கேட்க வழியும் இல்லை. துறைமுக அதிகாரி ஒருவர் அச்சடித்த பட்டியலைக் கையில் கொடுத்தார். மூன்று பத்திகள். பாஸ்போர்ட்டில் இருக்கும் வரிசைப்படி முதலில் குடும்பப் பெயர், அப்புறம் சொந்தப் பெயர், மூன்றாவது ஊர். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிடுகிறோம். என் பாஸ்போர்ட்டிலும் அப்படித்தான். எனக்கு அது நன்றாகத் தெரியும். போனில் நான்கு நிமிடத்துக்குத்தான் உயிர் இருந்தது. மூன்று பத்தியையும் வாசித்தால் பாதிப் பேர் விட்டுப்போவார்கள். அப்பா பெயரும் ஊரும் சொன்னால் வீடு தெரிந்துவிடும், வீடு தெரிந்தால் போதும் என்று அந்த நொடியில் முடிவெடுத்தேன். நடுப்பத்தியை விட்டுவிட்டு வாசித்தேன். நான்கு நிமிடத்தில் எல்லாரையும் முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதில் ஒரு வரி: தண்டபாணி, புவனகிரி.

இரண்டு மாதம் கழித்து ஊருக்கு வந்தேன். பரங்கிப்பேட்டையில் ஒரு பாய் இருந்தார். போர் நகரத்திலிருந்து தரை வழியாக லாரிகளில் ஆட்களை எல்லை தாண்டி அனுப்பியவர். எத்தனையோ பேர் விவரத்தை எனக்குப் போனில் கொடுத்து உதவியவர். நேரில் நன்றி சொல்லப் போனேன். ஃபலூதா வரவழைத்துக் கொடுத்து, ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணுதான் தங்கச்சி இன்னும் மனசுல குத்துது. புவனகிரி தண்டபாணி வீட்டுப் பிள்ளைங்க ரெண்டு பேருக்கு லாரியில எடம் போட்டு வச்சிருந்தேன். பெரியவரே போன் பண்ணுனாரு. 'ரேடியோல பேரு வந்துடுச்சி பாய், பசங்க கப்பல் ஏறிட்டானுங்க, அந்த எடத்த வேற யாருக்காச்சும் கொடுங்க'ன்னாரு. நானும் கொடுத்துட்டேன். ஏறுனது மூத்தவன் மட்டும்தான். சின்னவன் ரூம்லயே இருந்திருக்கான், லாரி வரும்னு. மறுநாள் அந்தக் கட்டடமே இல்ல."

அண்ணனும் தம்பியும் ஒரே அறையில் இருந்தவர்கள். அண்ணன் அன்று வேலைக்காகத் துறைமுகத்துக்குப் போன இடத்தில், திரும்பிப் போக வழியில்லாமல் கப்பலில் ஏற்றப்பட்டிருக்கிறான். இரண்டு பேர் பாஸ்போர்ட்டிலும் முதல் கட்டத்தில் ஒரே அப்பாவின் பெயர். என் பட்டியலில் அது ஒரு தடவைதான் இருந்தது. ஆனால் வீட்டில் கேட்டவருக்கு அது தன் வீட்டின் பெயர். தன் வீடு முழுவதும் கப்பலேறிவிட்டது என்றுதான் அவர் எடுத்துக்கொள்ள முடியும். நான் நடுப்பத்தியை வாசித்திருந்தால் மூத்தவன் பெயரை, எழிலரசன் என்று கேட்டிருப்பார். சின்னவன் குமரவேலின் இடத்தைக் கொடுத்திருக்க மாட்டார்.

பாய் வீட்டிலிருந்து கிளம்பி நேராகப் புவனகிரிக்கு பஸ் ஏறினேன். இதுதான் நான் உனக்கு இதுவரை சொல்லாதது. பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். ஒரு பூக்கடை ஓரமாக நின்றேன். தண்டபாணி வீடு எது என்று யாரைக் கேட்டாலும் காட்டியிருப்பார்கள். குண்டு விழுகிற ஊரில் படுத்துத் தூங்கியவளுக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்க வாய் வரவில்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். என் தைரியத்தைப் பற்றி யாராவது மேடையில் பேசும்போதெல்லாம் அந்தப் பூக்கடைதான் கண்ணில் நிற்கும்.

வானொலியை விட்டுவிடுவேன் என்று நிலையத்தில் எதிர்பார்த்தார்கள். விடவில்லை. அதற்கும் உன்னிடம் வருத்தப்படப் போவதில்லை. தவறு செய்தவள் அந்த இடத்தைவிட்டு ஓடினால், அடுத்து வருபவர் அதே தவறைப் புதிதாகச் செய்வார். அதற்குப் பிறகு எந்தப் பட்டியலையும் நான் மூன்று பத்தியும் சேர்த்துத்தான் வாசித்தேன். சொந்தப் பெயர், அப்பா பெயர், ஊர். ஒவ்வொன்றையும் இரண்டு முறை. நிலையத் தலைவர் கடுப்பானார். "நிமிஷத்துக்கு இருபது பேரு வாசிச்சவ, இப்ப எட்டுப் பேரத் தாண்ட மாட்டேங்கற. டைம் எங்கம்மா இருக்கு?" என்றார். "பாட்டக் கொறைங்க சார்" என்றேன். ஒரு மாதம் என்னை ஒலிபரப்பிலிருந்தே நிறுத்தி வைத்தார். நேயர்கள் கேட்டுக் கேட்டு அவரே மறுபடி கூப்பிட்டார், பாட்டும் குறைந்தது. இன்னும் ஏழு வருடம் அந்த வேலையில் இருந்தேன், இன்னும் இரண்டு போர்களைப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வந்த பெண்கள் அந்த மூன்று பத்தி முறையைத்தான் கற்றுக்கொண்டார்கள். அது ஏன் அப்படி வந்தது என்று அவர்களுக்கு நான் சொன்னதில்லை.

பிறகு உன் வாழ்க்கையில் கயல் வந்தாள். புவனகிரிப் பெண் என்று நீ சொன்னாய். அவளுடைய அப்பா பெயர் த. எழிலரசன், மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கிறார் என்றாய். நான் அறிந்த வீட்டில் பெரிய மகன் பெயரும் எழிலரசன்தான். ஆனால் புவனகிரியில் எத்தனை எழிலரசன் இருக்க மாட்டார்கள்? அந்த 'த'வுக்கு விரிவு என்ன என்று கேட்டால் முடிந்துவிடும். நான் கேட்கவில்லை. பெண் பார்க்கப் போனது கயல் படித்த ஊரான சிதம்பரத்தில், அவள் சித்தி வீட்டில். தாத்தா எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை என்றார்கள். நானும் ஏன் என்று கேட்கவில்லை. என்னை நர்ஸ் என்று நீ அவர்களிடம் சொல்லியிருந்தாய், அதையும் நான் திருத்தவில்லை. ஒரு செய்தியாளர் கேட்காமல் விடுகிற கேள்விதான் அவளுக்கு விடை தெரிந்த கேள்வி.

சிதம்பரத்து மண்டபத்தில் நிச்சயதார்த்தம். லக்னப் பத்திரிகை வாசிக்க வேண்டிய பெரியவர் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். எழிலரசன் சிரித்துக்கொண்டே, "நம்ம சம்மந்தி படிச்சவங்கதான, அவுங்களே வாசிக்கட்டும்" என்று மைக்கை என் கையில் கொடுத்தார். மைக்கைப் பிடித்து ஏழு வருடம் ஆகியிருந்தது. நம் பக்கத்துப் பெயர்களை வாசித்தேன். உன் தாத்தா பேரனும், உன் அப்பா குமாரனும் என்று சரளமாகத்தான் போனது. அடுத்த வரியில், 'புவனகிரி தண்டபாணி அவர்களின் பேத்தியும்' என்று இருந்தது. அந்த இரண்டு சொற்களையும் சேர்த்து அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் மைக்கில் சொல்லியிருக்கிறேன். என் குரல் நின்றுவிட்டது. கூட்டம் நான் உணர்ச்சிவசப்பட்டதாக நினைத்தது. நீ மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாய். திரும்பி வரும்போது காரில் உன்னிடம் சொன்னேன். ஆலப்பாக்கம் தாண்டினோம். பிறகு, "அவுங்களுக்குத் தெரிய வேண்டாம்மா" என்றாய். அப்புறம்தான் அந்தப் போனும் இந்த அழைப்பிதழும்.

உன் பயம் எனக்குப் புரிகிறது. கயலை இழந்துவிடுவாய் என்று பயப்படுகிறாய். ஆனால் ஒன்று யோசித்துப் பார். கல்யாணத்துக்குப் பிறகு சொன்னால் என்ன ஆகும்? அவர்கள் கோபப்படக்கூட முடியாத இடத்தில் அவர்களைக் கட்டிப் போட்டுவிட்டுச் சொன்னதாக ஆகும். அது உண்மையைச் சொல்வது ஆகாது. அதுவும் அந்த வீட்டில் இடத்தைப் பிடித்துக்கொண்டு பேசுவதுதான்.

முந்தாநாள் காலையில் கிளம்பினேன். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "புவனகிரிக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "நீ சொல்லாம இருக்கப் போறதில்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நான் வரணுமா?" என்றார். வேண்டாம் என்றேன். "அப்ப குடை எடுத்துக்க, வெயிலு ஜாஸ்தி" என்றார். சிதம்பரத்தில் பஸ் மாறி வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டினேன். அந்தப் பூக்கடை இப்போது செல்போன் ரிப்பேர் கடையாகிவிட்டது. நிற்கவில்லை, நடந்தேன்.

எழிலரசன் வாசலுக்கே ஓடி வந்தார். "வாங்க சம்மந்தி! தனியாவா வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே!" கூடத்தில் உட்கார வைத்தார். சுவரில் மாலை போட்ட படம். மீசை சரியாக முளைக்காத முகம். நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "நான் நர்ஸ் இல்லைங்க" என்று ஆரம்பித்தேன். நான்கு நிமிடத்தில் சொல்லி முடித்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் முகத்திலிருந்து சம்மந்தி என்ற மரியாதை மெல்ல மெல்ல இறங்கியதைப் பார்த்தேன். பார்க்காமல் தலையைக் குனிந்துகொள்ளக் கூடாது என்று பிடிவாதமாகப் பார்த்தேன்.

"நடுப் பத்தின்னு சொல்றீங்க" என்றார் கடைசியில். "என் பேரு அதுல இருந்துதா?"

"இருந்தது. நான் வாசிக்கல."

"உங்களுக்குத் தெரியுமா, எங்கம்மா சாவுற வரைக்கும் எங்கப்பாகிட்ட ஒரு வார்த்த பேசல. முழுசாக் கேக்காம அவசரப்பட்டு எடத்த வுட்டுக்கொடுத்துட்டாருன்னு. நானும் அதத்தான் சொன்னேன். மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். 'ரேடியோல தெளிவாத்தான் சொல்லியிருப்பாங்க, நீதான் பாதியில எழுந்து போன் பண்ணப் போயிட்ட'ன்னு." அவர் எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். "பதினாலு வருஷம்ங்க."

அப்போது உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. "எழிலு, யார்ரா அது? இன்னொருவாட்டி பேசச் சொல்லு."

உள்ளே போனோம். கட்டிலில் ஒல்லியாக, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார் தண்டபாணி. நான் என்ன பேசுவது என்று தெரியாமல் வணக்கம் என்றேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "இந்தக் குரல எனக்குத் தெரியும்" என்றார். "போன வச்சிக்கிட்டு தெனம் கேட்டனே."

நான் அவர் கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். "ஐயா, நீங்க அன்னிக்கு முழுசாத்தான் கேட்டீங்க. நான்தான் முழுசா வாசிக்கல" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தார். எழிலரசன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அறையில் நான் இல்லாதது போலத்தான் இருந்தது. பிறகு பெரியவர் என் பக்கம் திரும்பினார். "இத வந்து சொல்றதுக்கு உனக்கு இத்தினி வருஷமாச்சா?" என்றார். ஆமாம் என்றேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பியதையும் சொன்னேன். "மன்னிக்கறதெல்லாம் எனக்கு வராது" என்றார். "நான் அதக் கேக்க வரலீங்க" என்றேன். "பின்ன இன்னாத்துக்கு வந்த?" என்றார். அவரே சொன்னார்: "சரி. இப்ப வாசி."

அந்தப் பட்டியலைத்தான் வாசிக்கச் சொல்கிறார் என்று புரிந்தது. பிறகு எழுந்து நின்றேன். உட்கார்ந்து வாசித்து எனக்குப் பழக்கமில்லை. எழிலரசன், தண்டபாணி மகன், புவனகிரி. கப்பல் ஏறினார். எழிலரசன், தண்டபாணி மகன், புவனகிரி. கப்பல் ஏறினார். நிறுத்தினேன். பிறகு, குமரவேல், தண்டபாணி மகன், புவனகிரி. கப்பல் ஏறவில்லை. அதையும் இரண்டு முறை வாசித்தேன். குரல் நிற்கவில்லை. எழிலரசன் வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தார். அதற்கு மேல் அங்கே என்ன நடந்தது என்று எழுத எனக்கு உரிமை இல்லை. நான் வெளியே வந்துவிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, வழியனுப்பவும் இல்லை. குடையை அங்கேயே மறந்துவிட்டு வெயிலில் நடந்து பஸ் ஏறினேன்.

கல்யாணம் நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன். நின்றிருந்தாலும் இந்தக் கடிதத்தை இதே மாதிரிதான் எழுதியிருப்பேன். நேற்றுக் காலை எழிலரசன் கூப்பிட்டார். குரலில் பழைய குழைவு இல்லை, ஆனால் பேசினார். "தேதியில மாத்தமில்லங்க. அப்பா கல்யாணத்துக்கு வர்றேன்னு சொல்லிட்டாரு. பதினாலு வருஷமா ஒரு மண்டபத்துல கால் வச்சதில்ல. பத்திரிகையில தம்பி பேரும் இருக்கணும்ங்கறாரு. முழுசா." அவருடைய கோபம் எனக்கு இருந்துகொண்டே இருக்கும், அது அவருடைய உரிமை. பின்னாலேயே கயலும் பேசினாள். அவளுக்கு அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "அத்தை, உங்க மேல எனக்கு இன்னும் கோவம் போகல. ஆனா நீங்க வந்தீங்க. நர்ஸுன்னு பொய் சொன்னதுக்கு உங்க புள்ளய நான் பாத்துக்கறேன், நீங்க நடுவுல வராதீங்க" என்றாள். நான் வர மாட்டேன்.

இன்று சிதம்பரம் போய் அச்சகத்தில் உட்கார்ந்து மாதிரியைத் திருத்தினேன். எல்லாப் பெயருக்கும் முன்னால் இருந்த முதலெழுத்தை எடுத்துவிட்டு அப்பா பெயரை முழுதாகப் போடச் சொன்னேன். அச்சகக்காரர் தலையைச் சொறிந்தார். "இம்மாம் பேரு ஏறினா எழுத்து சின்னதாயிடுமேம்மா." "ஆகட்டும்" என்றேன். பெண் வீட்டார் பக்கத்தில் சித்தப்பா என்ற இடத்தில் 'அமரர் தண்டபாணி குமரவேல்' என்று சேர்த்தாயிற்று. என் பெயருக்குக் கீழே 'வானொலிச் செய்தியாளர்' என்று போட்டாயிற்று, ஓய்வு என்று போடவில்லை. நர்ஸை அடித்துவிட்டேன். அது என் வேலை, பதினாறு வருடம் தாமதமாக முடித்திருக்கிறேன்.

ஆனால் பத்திரிகையில்தான் என்னால் அடிக்க முடியும். புவனகிரி வீட்டுக் கூடத்தில் அந்த நர்ஸைக் கொண்டுபோய் உட்கார வைத்தவன் நீ. ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து வருகிறாய் அல்லவா? கடலூரில் இறங்காதே. நேராகப் புவனகிரிக்குப் போ. பஸ் ஸ்டாண்டில் நிற்காதே. அந்தப் பெரியவர் முன்னால் போய் நின்று, என் அம்மா நர்ஸ் இல்லை என்று உன் வாயால் சொல்லி, அந்த நர்ஸை நீயே கூட்டிக்கொண்டு வந்துவிடு. என் குடையையும் எடுத்து வா.